பெரியவருக்கு ஒரு ஜாமீன்

கேஸ் என்னதுன்னு கேட்டீங்களே தம்பி, கேஸ் காலையிலேயே முடிஞ்சு போச்சு. இப்ப நான் உக்காந்திருக்கிறது பெரியவரை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு. உள்ளே வச்சிருக்காங்க அவரை. போன தீபாவளிக்கு முந்தின தீபாவளியிலிருந்து அந்த இருட்டு அறையில கிடக்கிறார். சாராய கேன், திருட்டு சைக்கிள், ரத்தம் காஞ்ச அருவா, இதுகளுக்கு நடுவுல. சாக்குல சுத்தி, கழுத்துல அட்டை கட்டி, அரக்கு வச்சு. எங்க வீட்ல வெல்வெட்டுல படுத்தவர் அவர்.

மனுஷன்னு நினைச்சுட்டீங்களா? எல்லாரும் முதல்ல அப்படித்தான் நினைப்பாங்க. துப்பாக்கி தம்பி. இரட்டைக்குழல், பன்னெண்டு போர்ங்கிற ரகம், சீமையில செஞ்சது. எங்க வீட்ல யாரும் அவரைத் துப்பாக்கின்னு சொல்லமாட்டோம். பெரியவர்னுதான் சொல்லுவோம். எங்க அப்பா சாகுறப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "பெரியவரைப் பார்த்துக்கோ"ன்னார். எங்க அம்மா அப்ப பக்கத்துலதான் உக்காந்திருந்துச்சு. அம்மாவைப் பத்தி அவர் ஒண்ணும் சொல்லல. சொல்லணும்னு அதுவும் எதிர்பார்க்கல.

எங்க பூட்டன் காலத்துல வந்தவர். மலைமேல எஸ்டேட் வச்சிருந்த வெள்ளைக்காரன் மலைக்காய்ச்சல்ல விழுந்துட்டான். அவனைத் தோள்ல போட்டுக்கிட்டு எங்க பூட்டன் கீழே இறக்கியிருக்கார். உயிர் பிழைச்சவன், இந்தா வச்சுக்கோன்னு கொடுத்தது. என் தங்கச்சி புருஷன் ஒருத்தன் இருக்கான், வாய் சும்மா இருக்காது. அதெல்லாம் கதை, எஸ்டேட்டை வித்துட்டுப் போறப்ப ஏலத்துல எடுத்ததுன்னு ஒரு கல்யாண வீட்ல நாலு பேர் முன்னால சொல்லிட்டான். அதுக்கப்புறம் எங்க வீட்டு நல்லது கெட்டதுக்கு அவனைக் கூப்பிடுறதில்லை. தங்கச்சியையும்தான். அவளை மட்டும் எப்படித் தனியாக் கூப்பிடுறது?

சிறுத்தை ஒண்ணு சுட்டிருக்கார் பெரியவர். ரெண்டுன்னும் சொல்வாங்க. எங்க அப்பா கையில காட்டுப்பன்னி. என் கையில ஒண்ணும் இல்லை. இல்லைன்னா என்ன? சுட்டாத்தான் மரியாதையா? தினமும் காலையில எடுத்து, எண்ணெய்த் துணியால துடைச்சு, மூச்சு படாம திரும்ப வைக்கிறேன் பாருங்க, அது போதும் அவருக்கு. அவருக்குன்னு தனி அறை, தனி பீரோ. ஒரு தடவை என் வீட்டுக்காரி இந்திராணி, இடமில்லைன்னு அதுல அவளோட பட்டுச்சேலை ரெண்டை மடிச்சு வச்சுட்டா. பாச்சை உருண்டை வாசம் அவர்மேல ஏறிப்போச்சு. நான் திட்டல. சேலையை எடுத்து முற்றத்துல வச்சேன், அவ்வளவுதான். மழை வரும்னு எனக்குத் தெரியுமா?

எலெக்‌ஷன் வந்தா ஸ்டேஷன்ல ஒப்படைச்சுடணும், உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். லைசென்ஸ் உள்ளவங்க எல்லாரும் ஒப்படைக்கணும். நான் தினமும் ஸ்டேஷனுக்குப் போய் ஒரு எட்டுப் பார்த்துட்டு வருவேன். ஏட்டு கிண்டல் பண்ணுவான். "என்னங்கய்யா, வீட்டுச் சாப்பாடு கொண்டாந்தீங்களா? உள்ளே பசியில இருக்கார்"ம்பான். பேசட்டும். அவனுக்கு இருக்கிறதெல்லாம் அரசாங்கத் துப்பாக்கி. இன்னைக்கு இவன் கையில, நாளைக்கு எவன் கையிலேயோ. அவனுக்கு என்ன தெரியும்.

என் மக சுபாஷிணி பிறந்தன்னைக்குத்தான் லைசென்ஸ் புதுப்பிக்கிறதுக்குக் கடைசி நாள். ஆஸ்பத்திரியிலேருந்து ஆள் வந்துச்சு, பொம்பளைப் பிள்ளை பிறந்திருக்கு, வாங்கன்னு. நான் கலெக்டர் ஆபீஸ்ல வரிசையில நிக்கிறேன். எதை விடுறது சொல்லுங்க? பிள்ளை எங்கேயும் போயிடாது. லைசென்ஸ் போயிடும். இதை இந்திராணி இன்னைக்கு வரைக்கும் சொல்லிக்காட்டுவா. வருஷம் போனாலும் இந்தப் பொம்பளைங்களுக்கு இதெல்லாம் மறக்காது.

அந்தா, வாதாம் மரத்துக்குக் கீழே டிபன் கேரியரைப் பிரிச்சு வச்சிருக்காங்கல்ல, மூணு பேர். பச்சைச் சேலை இந்திராணி. சுடிதார் போட்டது சுபாஷிணி. அந்த ஆள்தான் மாப்பிள்ளை. டாக்டர் ஜெகதீஷ். டாக்டர்னதும் ஊசி போடுறவர்னு நினைக்காதீங்க, பல்லு டாக்டர். இடது கையை பேன்ட் பைக்குள்ளேயே விட்டுக்கிட்டு நிக்கிறான் பார்த்தீங்களா? ஒளிக்கிறானாம். ஒளிச்சாத்தானே நாலு பேர் என்னாச்சுன்னு கேட்பாங்க.

விஷயத்துக்கு வர்றேன். எங்க வீட்ல ஒரு வழக்கம் உண்டு. ஆயுத பூஜைக்கு எல்லாரும் சந்தனம் குங்குமம் வைப்பாங்க. நாங்க பெரியவருக்கு ஊட்டுவோம். அரைச்ச சந்தனத்துல திருநீறு, பச்சைக்கற்பூரம் கலந்து உருண்டை பிடிச்சு, சிவப்புப் பட்டுத்துணியில சுத்தி, அவர் வாயில வைக்கணும். வலது குழல்தான் வாய். இடது குழல்ல எதுவும் வைக்கமாட்டோம், அது மூச்சு விடுறதுக்கு. உருண்டையை வச்சுட்டு, கம்பியால பையத் தள்ளி நடுக்குழல் வரைக்கும் அனுப்பணும். அவர் கோபக்காரர் இல்லையா, வயிறு குளிரணும். தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம் வீட்டுக்குப் பெரியவன் மட்டும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கிட்டு அதை எடுத்துடணும். கல்லாட்டம் காஞ்சிருக்கும். வெந்நீர்த் துணி விட்டு ஊற வச்சுத்தான் எடுக்கமுடியும், பொறுமை வேணும். எடுக்கிறதை யாரும் பார்க்கக்கூடாது. பெண்டாட்டி பிள்ளைகூடப் பார்க்கக்கூடாது. எடுத்தேன்னு வெளியில சொல்லவும் கூடாது. எங்க அப்பா எடுத்தார், அவருக்கப்புறம் நான். எடுத்தியான்னு எங்க அப்பாவை யாரும் கேட்டதில்லை தம்பி. கேட்கிற தைரியம் யாருக்கும் இருந்ததில்லை.

இன்னொரு வழக்கம், தலைதீபாவளிக்கு வர்ற மாப்பிள்ளை வெடி வெடிக்கமாட்டார். பெரியவரைத் தூக்கி வானத்தைப் பார்த்து ஒரு தோட்டா சுடணும். வலது குழல்ல. ஊரே வந்து நிக்கும். அந்தச் சத்தம் கேட்டப்புறம்தான் எங்க தெருவுல பட்டாசு. என் அத்தைமாரைக் கட்டின மாமாமார், இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையா வந்தவங்க எல்லாரும் சுட்டிருக்காங்க. என் தங்கச்சி புருஷன், அந்த வாய் பெருத்தவன், அவனே சுட்டான்.

இந்த டாக்டரைப் பார்த்தப்பவே எனக்குப் பிடிக்கல. நல்ல இடம்னு இந்திராணி சொன்னா, மக சொன்னா, சரின்னுட்டேன். பெண் பார்க்க வந்தன்னைக்கு வீட்டைச் சுத்திக் காட்டினேன். பெரியவரை வெளியில எடுத்துக் கையில கொடுத்தேன். எங்க வீட்டுக்கு வந்த கலெக்டர்கூடத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டார். இவன் ரெண்டு கையாலயும் வாங்கிப் பார்த்துட்டு, "ரொம்ப வெயிட்டா இருக்கு மாமா"ன்னுட்டுத் திருப்பிக் கொடுத்துட்டான். வெயிட்டா இருக்காம். பல்லு பிடுங்குற குறடு இல்ல பாருங்க.

தலைதீபாவளிக்கு வந்தாங்க. வந்ததும் வராததுமா சுபாஷிணி பெட்டியைக் கொண்டுபோய்ப் பெரியவர் அறையில வச்சுட்டா. அங்கதான் ஏசி இருக்காம், அவருக்குப் புழுக்கம் ஆகாதாம். ஏசி யாருக்குப் போட்டேன் நான்? ஈரம் பட்டா பெரியவருக்கு ஆகாதுன்னு போட்டது. "ஏம்மா, மாடியில அறை இருக்கேம்மா"ன்னேன். "அப்பா, ரெண்டு நாள்தானேப்பா. அவர் பெரியவரை ஒண்ணும் கடிச்சிடமாட்டார்"னா. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சு வச்சேன். புது மாப்பிள்ளை முன்னால என்ன பேசுறது?

மதியம் விருந்து சாப்பிட்டுட்டு, பயணக் களைப்புன்னு கதவைச் சாத்திக்கிட்டாங்க. சாயங்காலம் நான் வெந்நீரைச் சொம்புல எடுத்துக்கிட்டுப் போறேன், கதவு உள்ளே தாழ் போட்டிருக்கு. கொஞ்ச நேரம் நின்னுட்டுத் திரும்பிட்டேன். விளக்கு வச்சப்புறம் மறுபடி போனேன். உள்ளே பேச்சுச் சத்தம், சிரிப்பு. புதுசாக் கல்யாணம் ஆன பிள்ளைங்க. பெத்த அப்பன் போய்த் தட்டுறதா? நீங்களே சொல்லுங்க. இந்திராணியை விட்டுக் கூப்பிடச் சொல்லலாம்னா, எதுக்குன்னு கேட்பா. சொல்லக்கூடாதே. சொம்புத் தண்ணி ஆறிப்போய் முற்றத்துல ஊத்தினேன். அன்னைக்கு எனக்கு வந்த கோபம் தம்பி, என் வீட்ல, என் அறைக்கு முன்னால, நான் சொம்பைக் கையில வச்சுக்கிட்டு வேலைக்காரன் மாதிரி நின்னேன். அவனுக்கு அதெல்லாம் தெரியவே தெரியாது. உள்ளே ஏசியில படுத்திருக்கான்.

விடிஞ்சா ஊர் கூடியாச்சு. பங்காளிங்க, தெருக்காரங்க, அந்த ஏட்டுகூட வந்துட்டான், சுடுறதைப் பார்க்கணும்னு. எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சு, புதுத்துணி கட்டி, மாப்பிள்ளையும் மகளும் அறையைவிட்டு வெளியில வர்றதுக்கே வெயில் ஏறிப்போச்சு. எல்லாரும் வாசல்ல நின்னுக்கிட்டு, என்ன பொம்முராஜு, இன்னும் எவ்வளவு நேரம்னு கேட்கிறாங்க. நேரே உள்ளே போய் அவரை எடுத்தேன். கும்பிட்டேன். தோட்டாவைப் போட்டு, முற்றத்துக்குக் கொண்டுவந்தேன்.

அங்க வச்சுத்தான் அவன் அந்தப் பேச்சைப் பேசினான்.

"மாமா, ஒரு நிமிஷம். மடக்கி, வெளிச்சத்துல குழாயை ஒரு தடவை பார்த்துக்கலாமா?"

ஊர் முன்னால. என் பங்காளிங்க முன்னால. மாட்டுச்சந்தையில பல்லைப் பிடிச்சுப் பார்க்கிறமாதிரி என் பெரியவர் வாயைத் திறந்து பார்க்கணுமாம். எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சு போச்சு. ஆனா கோபத்தைக் காட்டிக்கல. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன். "மாப்பிள்ளை, உங்க ஆஸ்பத்திரியில எல்லாரும் வாயைப் பிளந்து காட்டுவாங்க. இவர் காட்டமாட்டார். இவருக்கு முப்பத்திரண்டு பல்லும் கெட்டியா இருக்கு"ன்னேன். ஊரே சிரிச்சுது. ஏட்டு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சான். "பயமா இருந்தா சொல்லிடுங்க, கம்பி மத்தாப்பு வாங்கி வச்சிருக்கோம்"னு என் பங்காளி ஒருத்தன் எடுத்துக் கொடுத்தான்.

அவன் சுபாஷிணியைப் பார்த்தான். அவ, "சுட்டுடுங்க, அப்பாவுக்கு எல்லாம் தெரியும்"னா.

அப்பாவுக்கு எல்லாம் தெரியும்னு அவ வாயாலேயே சொன்னா. இதைக் கோர்ட்டுல எங்க வக்கீல் கேட்டிருக்கணும். கேட்கல. காசை வாங்கிக்கிட்டுக் கோழியாட்டம் நின்னான்.

சுட்டான். அவர் சத்தம் எனக்குத் தெரியும் தம்பி. கணீர்னு இருக்கும், மலையில பட்டுத் திரும்பி வரும். அன்னைக்கு வந்தது அவர் சத்தமே இல்லை. எதையோ கிழிச்சமாதிரி இருந்துச்சு. புகை. புகை விலகினப்புறம் பார்க்கிறேன், வலது குழல் நடுவுல வாழைப்பூ மடலாட்டம் விரிஞ்சு நிக்குது. உள்பக்க இரும்பு பளபளன்னு தெரியுது. அத்தனை வருஷத்துல நானே பார்க்காத இடம் அது. அவர் வயித்துக்குள்ளே இருந்தது. கீழே பிடி மரம் சிதறிக் கிடக்குது. அக்ரூட் மரத்துல செதுக்கினது, அதுல ஒரு கொடி வேலைப்பாடு, இப்ப அப்படிச் செய்ய ஆளே கிடையாது. நான் என் புது வேட்டித் துண்டை எடுத்து அவரைச் சுத்தினேன். சிதறின மரத்தை ஒண்ணு விடாம பொறுக்கணும், இல்லைன்னா மிதிச்சுடுவாங்களே. அத்தனை பேரும் செருப்பைப் போட்டுக்கிட்டு அங்கேயும் இங்கேயும் ஓடுறாங்க.

ஆமா, அவனுக்கும் பட்டுச்சு. இடது கை. ரெண்டு விரல் போச்சு, ஒண்ணு மடங்காது. சுபாஷிணி தலைதீபாவளிச் சேலையைக் கிழிச்சுக் கட்டினா. பதினாறாயிரம் ரூபாய்ச் சேலை. என்னைப் பார்த்து, "அப்பா, கார் சாவி! கார் சாவி!"ன்னு கத்தினாளாம். சாவி என் சட்டைப் பையில இருந்துச்சு. கேட்டிருந்தா கொடுத்திருக்கமாட்டேனா? எனக்குக் காது அடைச்சிருந்தது. நான் மரத்தைப் பொறுக்கிக்கிட்டு இருந்தேன். ஏட்டு ஒரு லோடு ஆட்டோவை நிறுத்தி ஏத்திக்கிட்டுப் போனான். இன்னைக்கும் ஊர்ல போய்க் கேளுங்க, விரலை இழந்தவனைப் பத்திப் பேசுறாங்களோ இல்லையோ, சாவியைப் பத்திப் பேசுவாங்க.

அதுக்கப்புறம் எல்லாருக்கும் ஒரே கேள்வி. இன்ஸ்பெக்டர் வந்தார். நாற்காலி போட்டு, காபி கொடுத்தேன். காபியைக் குடிச்சுட்டு, "அய்யா, அந்தச் சந்தனத்தை எடுத்தீங்களா?"ங்கிறார். ஏட்டு சொல்லிக் கொடுத்திருக்கான். அடுத்தது எங்க வக்கீல். நான் காசு கொடுத்து வச்ச வக்கீல், அவனும், "என்கிட்ட மட்டும் சொல்லுங்க, எடுத்தீங்களா?"ன்னான். சென்னைக்கு அனுப்பிச் சோதனை பண்ணினாங்க. குழல்ல அடைப்பு இருந்திருக்கலாம்னு எழுதி அனுப்பியிருக்கான். அவ்வளவு படிச்சவனுக்கே நிச்சயமாத் தெரியல பாருங்க. நான் எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன். தோட்டா சரியில்லை. பிடிக்கத் தெரியாதவன் பிடிச்சான். கை நடுங்கிச்சு அவனுக்கு, நானே பார்த்தேன். பெரியவருக்குத் தெரியும், தன்னை மதிக்காதவன் கை எதுன்னு.

இந்திராணி ரொம்ப நாள் எதுவும் கேட்கல. ஒரு நாள் மதியம் எனக்குச் சோறு போட்டு, குழம்பை ஊத்திட்டு, கரண்டியைக் கையில வச்சுக்கிட்டே நின்னா. "ஏங்க, அன்னைக்குச் சாயங்காலம் சொம்போட ரெண்டு தடவை போனீங்களே. நான் அடுப்படியிலேருந்து பார்த்தேன். எடுத்தீங்களா?"ன்னா. கட்டினவனையே ஒளிஞ்சிருந்து பார்க்கிற பொம்பளை. நான் தட்டைத் தள்ளிவிட்டேன். கொஞ்சம் வேகமாத் தள்ளிட்டேன், சுவத்துல போய் விழுந்துச்சு. "என்னைப் போலீஸ்காரன் கேக்கலாம், நீ கேக்கலாமா?"ன்னேன். அவ சுவரைத் துடைச்சா. பாத்திரத்தை எல்லாம் மூடினா. மாலை பஸ்ஸுக்கு மக வீட்டுக்குப் போயிட்டா. வருவா வருவான்னு பார்த்தேன். நல்லாக் கேளுங்க தம்பி, நான் போகச் சொல்லவே இல்லை.

மாப்பிள்ளைக்காரன் ஆஸ்பத்திரியைப் பாதி நேரம் மூடிப்போட்டிருக்கானாம். பல்லைப் பிடுங்குறது வலது கையிலதானே, இடது கை எதுக்குன்னு கேட்டேன். அதுலதான் கண்ணாடியைப் பிடிச்சு, கன்னத்தை ஒதுக்கணுமாம். அதுக்கு ஒரு பிள்ளையைச் சம்பளத்துக்கு வச்சா பிடிக்காதா? விரல் போனவன் உலகத்துல அவன் ஒருத்தன்தானா? மில்லுல வேலை பார்க்கிறவனுக்குப் போகுது, அவன் என்ன கோர்ட்டுக்கா வர்றான்?

இன்னைக்குக் காலையில ஜட்ஜம்மா கூப்பிட்டுக் கேட்டாங்க. டாக்டர் எந்திரிச்சு, சமாதானமாப் போயிடுறோம்மா, கேஸ் வேண்டாம்னுட்டான். பொருளைத் திருப்பிக் கொடுக்கிறதுல உங்களுக்கு ஆட்சேபணை உண்டான்னு ஜட்ஜம்மா கேட்கிறாங்க. "இல்லைங்கம்மா. அது அவங்க குடும்பத்துது, அவர்கிட்டேயே கொடுத்துடுங்க"ன்னான். எப்படிச் சொன்னான் தெரியுமா? பிச்சைக்காரனுக்குப் போட்டுட்டுப் போற மாதிரி. என் பெரியவரை எனக்கு அவன் கொடுக்கிறான். அந்த இடத்துலேயே வேண்டாம்னு சொல்லியிருப்பேன், பெரியவர் முகத்துக்காகத்தான் வாயை மூடிக்கிட்டேன்.

ஜட்ஜம்மா ஒண்ணு சொன்னாங்க. சொந்த வீடு உள்ள ஒரு ஆள் ஜாமீன் கையெழுத்துப் போட்டா, இன்னைக்கே வாங்கிக்கிட்டுப் போகலாம். சுடுறதுக்கு ஆகாதமாதிரி பண்ணித்தான் கொடுப்பாங்க. பரவாயில்லை, நான் என்ன சுடவா போறேன். மதியம் கோர்ட் கூடி என் பேரைக் கூப்பிடுறப்ப ஆள் இல்லைன்னா, மதுரைக்கு அனுப்பி அழிச்சுடுவாங்களாம். அறுத்து உருக்கிடுவாங்களாம் தம்பி. எங்க பூட்டன் கையில வாங்கினவரை. என் சித்தப்பா மகன் வர்றேன்னு சத்தியம் பண்ணியிருந்தான். போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, இப்ப ஸ்விட்ச் ஆஃப்னு சொல்லுது. பங்காளி ஒருத்தன்கிட்ட கேட்டேன், பெண்டாட்டி வேண்டாங்கிறான்னான். அன்னைக்கு மத்தாப்பு வாங்கி வச்சிருக்கோம்னு சிரிச்சானே, அவனேதான்.

இருங்க, சுபாஷிணி கையைக் காட்டிக் கூப்பிடுறா. போய் என்னன்னு கேட்டுட்டு வந்துடுறேன். இந்தப் பையை மட்டும் கொஞ்சம் பார்த்துக்கோங்க. பெரியவரைச் சுத்திக் கொண்டுபோறதுக்கு வெல்வெட்டு கொண்டாந்திருக்கேன்.

*

வந்துட்டேன். பை இருக்குல்ல?

என்ன சொன்னாங்கன்னு கேளுங்க. போனதும் இந்திராணி எலுமிச்சஞ்சோத்தைத் தட்டுல வச்சு நீட்டினா. வாங்கல. அவங்க கேரியர்ச் சோத்துக்காகவா நான் போனேன்? சுபாஷிணி சொல்றா, "அப்பா, ஜாமீன் நான் போடுறேன். மதுரை வீடு என் பேர்லதான் இருக்கு, வரி ரசீது கொண்டாந்திருக்கேன்." சரி, ரத்தம்ல, துடிக்குதுன்னு நினைச்சேன். "பின்னே என்ன, வா"ன்னேன்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லிடுங்கப்பா. அந்தச் சந்தனத்தை எடுத்தீங்களா, இல்லையா? இல்லைன்னாலும் நான் கையெழுத்துப் போடுவேன். யார்கிட்டேயும் சொல்லமாட்டேன். எனக்குக்கூட வேண்டாம், இவர்கிட்ட சொல்லுங்க."

அந்த 'இவர்' கீழே பார்த்துக்கிட்டு நிக்கிறார். அப்புறம், "விடு சுபா, கொண்டுபோகட்டும்"ங்கிறார்.

"நீங்க சும்மா இருங்க"ன்னு அவனை அடக்கிட்டு என் பக்கம் திரும்புறா. "தினமும் துடைப்பக்கட்டையைக் கையில எடுத்துக்கிட்டுக் கண்ணாடி முன்னால நிக்கிறார்ப்பா. இப்படிப் பிடிச்சேனா, இங்கே பிடிச்சேனா, நான்தான் தப்பாப் பிடிச்சேனான்னு என்னைக் கேட்கிறார். நீங்க ஊரெல்லாம் அப்படித்தானே சொல்லிட்டு வந்தீங்க. ஒரு வார்த்தை சொல்லிட்டா இவர் அந்தக் கட்டையைக் கீழே வச்சுடுவார்."

"நல்லாப் பிடிச்சுப் பழகட்டும்"னேன்.

கோபத்துல வந்துடுச்சு. வந்தது வந்ததுதான். இந்திராணி தட்டைக் கீழே வச்சுட்டா. அந்த டாக்டர் அப்பத்தான் முதல் தடவையா பைக்குள்ளேருந்து கையை எடுத்தான். எடுத்து, கண்ணைத் துடைக்கிறானோன்னு நினைச்சேன். இல்லை, கண்ணாடியைச் சரி பண்ணிக்கிட்டான். மூணு விரல்ல. "நான் தப்பாப் பிடிச்சிருந்தாலும் பரவாயில்லை மாமா. எதுவா இருந்தாலும் தெரிஞ்சா போதும்"னான். பார்த்தீங்களா? தப்பாப் பிடிச்சிருந்தாலும்னு அவன் வாயிலேருந்தே வருது. இதுக்கு மேல நான் என்ன சொல்ல இருக்கு? திரும்பி வந்துட்டேன்.

தம்பி, நான் உங்ககிட்ட எதுக்கு இவ்வளவு நேரமாப் பேசிக்கிட்டிருக்கேன்னு நினைச்சிருப்பீங்க. உங்க கையில இருக்கிறது வீட்டு வரி ரசீதுதானே? மச்சானுக்கு ஜாமீன் போட வந்தேன்னு அந்த டைப்பிஸ்ட்கிட்ட சொல்லிக்கிட்டிருந்தீங்க, காதுல விழுந்துச்சு. உங்களைப் பார்த்தாலே தெரியுது, மரியாதை தெரிஞ்ச குடும்பத்துப் பிள்ளை. ஒரு கையெழுத்து. உங்களுக்கு ஒரு பைசா நஷ்டம் வராது. அவர் பீரோவை விட்டு வெளியில வரப்போறதில்லை. அறையில ஏசியை இன்னும் நிறுத்தல, அவர் இல்லாமலே ஓடிக்கிட்டு இருக்கு. வீட்ல நான் ஒருத்தன்தான். காலையில எந்திரிச்சா அந்த எண்ணெய்த் துணியை எடுத்துக்கிட்டு எங்கே போறதுன்னு தெரியாம நிக்கிறேன். அவரை மட்டும் கொண்டுபோய்ப் படுக்க வச்சுட்டா போதும். வேற யாரும் வேண்டாம் எனக்கு.

என்ன யோசனை?

என்ன, மெதுவாக் கேக்கிறீங்க. சத்தமாக் கேளுங்க.

ம்.

நீங்களுமா.

இவ்வளவு நேரமும் மண்டையை மண்டையை ஆட்டிக் கேட்டுட்டு, கடைசியில நீங்களும் அங்கேதான் வந்து நிக்கிறீங்க. கதவு சாத்தியிருந்துச்சுன்னா, அப்ப எப்போ எடுத்தீங்கன்னு கணக்குக் கேட்கிறீங்க. உங்களுக்கு என்ன வேணும் அது? நீங்க அந்தப் பக்கத்து ஆளா? என் மக அனுப்பினாளா? நான் யாரு எவருன்னு தெரியாத ஒருத்தர்கிட்ட, எங்க வீட்ல பெண்டாட்டிகிட்டகூடச் சொல்லக்கூடாத வழக்கத்தை எல்லாம் பிரிச்சுக் காட்டியிருக்கேன். என்னைச் சொல்லணும்.

வேண்டாம். ரசீதை மடிச்சு உள்ளே வைங்க. உங்க கையெழுத்து உங்ககிட்டேயே இருக்கட்டும். அவ கையெழுத்தும் அவகிட்டேயே இருக்கட்டும். கேட்டுத்தான் கொடுப்பாங்கன்னா எவன் கையெழுத்தும் வேண்டாம்.

மணி அடிச்சாச்சு. உள்ளே போறாங்க எல்லாரும். பேர் கூப்பிடுற டவாலி வெளியில வந்துட்டான்.

பொம்முராஜு. என்னைத்தான் கூப்பிடுறான்.

கூப்பிடட்டும். இங்க மூணு தடவை கூப்பிடுவாங்க, மூணுக்கும் எந்திரிக்கலைன்னா கேஸ் கட்டைத் தூக்கிக் கீழே வச்சுட்டு அடுத்த பேருக்குப் போயிடுவாங்க. அந்தா, சுபாஷிணி ரசீதைத் தூக்கிக்கிட்டுப் படியேறி ஓடி வர்றா. செருப்பைக்கூடப் போடாம வர்றா. இந்திராணி பின்னால வர்றா. ஒரு வார்த்தைதானாம். தலையை ஆட்டினாக்கூடப் போதுமாம்.

பொம்முராஜு. ரெண்டாவது தடவை.

தம்பி, அவ வந்து உங்ககிட்ட கேட்டா, நான் டீ குடிக்கப் போயிருக்கேன்னு சொல்லுங்க.